உன் அக்காவுக்கு இரண்டு இறப்புச் சான்றிதழ்

என் சாமி பூபதிக்கு,

சுகமா என்று கேட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும். நீ சுகமாக இருக்கிறாய் என்று போர்வெல் ரிக் வண்டிக்காரர்கள் சொல்லித் தெரிந்துகொள்கிறேன். நான் சுகமில்லை. அதை மறைத்து எழுதும் வித்தை எனக்குத் தெரியாது. பதினேழு நாளாக நீ போனை எடுக்கவில்லை. கடைசியாக எடுத்தபோதும், "அப்பா, அத நோண்டாதீங்க, வெச்சுருங்க" என்று சொல்லிவிட்டு நீயே வைத்துவிட்டாய். போனில் பேசினால் நான் கத்துவேன், நீ வைப்பாய். அது நமக்குள் பழகிப்போன ஒன்று. கடிதத்தில் என்னால் கத்த முடியாது. நீ கிழித்துப் போட்டாலும் கிழிப்பதற்குள் நாலு வரியாவது கண்ணில் படும். உங்கள் ராய்ப்பூர் கேம்ப்புக்கு உதிரிச் சாமான் ஏற்றிப்போகும் திருச்செங்கோட்டு வண்டியின் டிரைவரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். உன் கையில்தான் கொடுக்க வேண்டும், மேனேஜரிடம் கொடுத்துவிட்டு வந்தால் சும்மா விடமாட்டேன் என்று சொல்லியிருக்கிறேன். பாவம், மிரண்டு போய்விட்டார்.

சுற்றி வளைக்கவில்லை. வருகிற புதன்கிழமை காலை பதினோரு மணிக்கு ரெவின்யூ ஆர்.டி.ஓ. ஆபீசில் விசாரணை. உன் அக்கா சுகந்தியின் பெயரில் இருக்கும் முதல் இறப்புச் சான்றிதழை ரத்துச் செய்யச் சொல்லி நான் மனுக் கொடுத்திருக்கிறேன். அந்தச் சாவைப் பதியச் சொன்னவன் நான். சாட்சிக் கையெழுத்துப் போட்டவன் நீ. நாம் இரண்டு பேரும் நேரில் வந்து, அது பொய், அன்றைக்கு அவள் உயிரோடுதான் இருந்தாள் என்று சொன்னால் காரியம் சீக்கிரம் முடியும். நான் மட்டும் போய் நின்றால், கிழவன் அரசாங்கப் பணத்துக்காகக் கதை விடுகிறான் என்று நினைக்கவும் இடமிருக்கிறது. அது ரத்தானால்தான் உன் அக்கா பெற்ற இரண்டு பெண்களும் என் பேத்திகள் என்று காகிதத்தில் ஆகும். காகிதத்தில் ஆனால்தான் அவர்கள் என்னோடு இருக்க முடியும். நீ வர வேண்டும். இந்தக் கடிதத்தில் நான் கேட்கப்போவது இது ஒன்றைத்தான்.

போன ஆடியில் நடந்தது உனக்குத் தெரியும். என்றாலும் எழுதுகிறேன். காலை பத்து மணி இருக்கும். ஏதோ தெரியாத நம்பர். எடுத்தால் ஒரு சின்னப்பிள்ளைக் குரல். "அப்பிச்சிங்களா? நானு தர்சினி பேசறனுங்க. ஏதாச்சும் ஒண்ணுன்னா இந்த நம்பருக்குப் பேசுன்னு அம்மா நோட்டுல எழுதி வெச்சிருந்துச்சுங்க." அம்மாவைப் பெற்றவனை அப்பிச்சி என்று கூப்பிட வேண்டும் என்று என் மகள் சொல்லிக் கொடுத்திருக்கிறாள், பார். பன்னிரண்டு வருஷத்துக்கு மேலாக அவள் அந்த நம்பருக்கு ஒரு தடவைகூடப் பேசியதில்லை. பேசினால் நான் வைத்துவிடுவேன் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் நம்பரை வைத்திருந்தாள். புருசனும் பெண்டாட்டியும் பைக்கில் சேலத்துக்குப் போகும் வழியில், பைபாசில் லாரி மோதி, இரண்டு பேருமே இல்லை. நாமக்கல் ஆஸ்பத்திரியில் துணியை விலக்கிக் காட்டினார்கள். முப்பத்துநாலு வயதில் என் மகளின் முகம் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். காதோரம் இரண்டு நரைமுடி இருந்தது. நீயும் வந்தாய். ஒரு நாள் இருந்துவிட்டு, ரிக்கு நிற்கிறது என்று மறுநாளே கிளம்பினாய். அன்று உன்னைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை, இன்றும் இல்லை.

அவள் புருசனுக்கு அம்மாபேட்டை. தறிக்காரக் குடும்பம். தாய் தகப்பன் முன்பே போய்விட்டார்கள், கூடப் பிறந்தவர்களும் இல்லை. அவன் பெயர் ரவி. இந்தப் பதின்மூன்று வருஷத்தில் அவன் பெயரை நான் எழுதுவது இதுதான் முதல் தடவை. ஆக, பன்னிரண்டு வயதில் தர்சினி, ஐந்து வயதில் மித்ரா, இவர்களுக்கு இந்த உலகத்தில் இருக்கிற ரத்த உறவு நீயும் நானும்தான். கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். முதல் மாதம் தைரியமாகத்தான் இருந்தேன். பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனபோது தலைமை ஆசிரியை, "ரெண்டு பேரும் இல்லாத பிள்ளைங்கள உறவுக்காரங்க வளத்துனா, பதினெட்டு வயசு முடியற வரைக்கும் கவர்மெண்டு மாசாமாசம் பணம் போடுதுங்க. எழுதிக் குடுங்க" என்றார். எனக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. "எங்க ஊட்டுப் பிள்ளைங்களுக்குக் கவர்மெண்டு சோறு போடோணுமாக்கும்?" என்று கேட்டுவிட்டு வந்தேன். எட்டாயிரம் கோழி வளர்த்தவன் இல்லையா, அந்தத் திமிர் கோழி போன பின்னாலும் போகவில்லை.

திமிர் எத்தனை நாளைக்குச் சோறு போடும்? பண்ணையை மூடி மூன்று வருஷமாகிறது, ஷெட்டில் இப்போது காற்றுதான் குடியிருக்கிறது. நிலம் உன் பேரில். தையில் நெஞ்சு வலிக்கிறது என்று போனேன். டாக்டர் படத்தைக் காட்டி, இரண்டு இடத்தில் அடைப்பு, தள்ளிப்போடாதீர்கள் என்றார். தள்ளித்தான் போட்டிருக்கிறேன். அன்றைக்கு ஆஸ்பத்திரி வாசலில் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, நான் போய்விட்டால் இந்த இரண்டும் என்ன ஆகும் என்று முதன்முதலாக யோசித்தேன். அப்படி ஒரு பயம் என் ஆயுசில் எனக்கு வந்ததில்லை. மறுநாளே கலெக்டர் ஆபீசுக்கு பஸ் ஏறினேன். குழந்தைகள் பாதுகாப்புப் பிரிவு என்று தனியாக ஒரு ரூம் இருக்கிறது. அங்கே ஒரு பொண்ணு, உன் வயது இருக்கும், உட்கார வைத்துப் பேசியது. பிள்ளைகளின் பிறப்புச் சான்று, தாய் தகப்பன் இரண்டு பேரின் இறப்புச் சான்று, ஆதார், பள்ளிக்கூடத்துச் சான்று, பிள்ளையும் நானுமாக ஒரு பேங்க் கணக்கு. எல்லாம் சரியாக இருந்தது. நான்தான் தாயைப் பெற்றவன் என்பதற்கு மட்டும் எங்கள் வி.ஏ.ஓ. ஒரு சான்று கொடுக்க வேண்டும் என்றது. அதைக் கேட்டதும் அந்தப் பழைய பதிவு எனக்கு ஞாபகம் வந்தது. இருந்தும் போனேன்.

இப்போது இருக்கும் வி.ஏ.ஓ. ஆத்தூர்ப் பக்கத்துப் பொண்ணு. நல்ல மாதிரி. பழைய பதிவைப் பார்த்துக்கொண்டே வந்தவர் ஒரு இடத்தில் நிறுத்திவிட்டார். "ஐயா, இந்தப் பேர்ல ஏற்கெனவே ஒரு சாவு பதிவாயிருக்கே. பதிமூணு வருஷம் முன்னாடி. அப்பா பேரு உங்க பேருதான். விலாசமும் உங்க வீடுதான். இதே பேர்ல உங்களுக்கு இன்னொரு பொண்ணு இருந்துச்சா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்ப ஒருத்தங்க எப்படி ஐயா ரெண்டு தடவ சாவாங்க?" அதைக் கேலியாகக் கேட்கவில்லை, நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார். பிறகு தர்சினியின் பிறப்புச் சான்றை எடுத்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். அம்மா செத்து ஒரு வருஷம் கழித்துப் பிள்ளை பிறந்திருக்கிறது. "இந்தக் காகிதத்த வெச்சுப் பாத்தா இவங்க உங்க பொண்ணு பெத்த பிள்ளைங்களே இல்ல ஐயா. நான் எப்படிக் கையெழுத்துப் போடுறது?" என்றார். சபையில் யாரும் என்னை அப்படி நிற்க வைத்ததில்லை. என்னை நிற்க வைத்தது நான் போட்ட கையெழுத்துத்தான்.

கலெக்டர் ஆபீஸ் பொண்ணிடம் திரும்பப் போய்ச் சொன்னேன். காகிதங்களை இன்னொரு தடவை புரட்டிப் பார்த்துவிட்டு, "உறவுன்னு காட்ட முடியலீன்னா குழந்தைகள் நலக் குழு முன்னால கொண்டு போயித்தானுங்க ஆகோணும். விசாரிச்சு முடியற வரைக்கும் இல்லத்துல வெக்கச் சொன்னாலும் சொல்லுவாங்க. சின்னதுக்கு இன்னும் ஆறு வயசு ஆகலைங்களே, அதுக்கு வேற இடமுங்க, பெருசுக்கு வேற இடமுங்க" என்றது. "பிரிக்கோணும்னு எங்களுக்கு ஆசையில்லீங்க. நீங்க அந்தப் பழைய பதிவ எப்படியாச்சும் சரி பண்ணிக் கொண்டாங்க" என்றும் சொன்னது. மித்ரா ராத்திரிக்கு அக்காவின் பாவாடை நுனியைக் கையில் பிடித்தால்தான் தூங்கும். அதை வேறு இடத்தில் கொண்டுபோய் விடுவதா?

எல்லாம் நான் செய்தது. உனக்கு ஞாபகம் இல்லாமல் இருக்காது, ஆனாலும் என் வாயால் ஒரு தடவை ஒப்புக்கொள்ள வேண்டும். முட்டை வண்டிக்கு பாடி கட்ட நாமக்கல் பட்டறைக்கு விட்டிருந்தோம். முகப்பில் பெயர் எழுத வந்தவன் ரவி. உன் பெயர், அக்கா பெயர் இரண்டையும் எழுதச் சொன்னேன். எழுத்து சரியாக வருகிறதா என்று பார்க்க அவளையும் கூட்டிக்கொண்டு போனேன், பெரிய புத்திசாலி! அவள் காலேஜ் முடிக்கிற வருஷம் அது. பரீட்சை முடிந்த நாலாம் நாள் போய்விட்டாள். வேற சாதி, ஊரில் தலைகாட்ட முடியாது, அவ்வளவுதான் என் மூளையில் ஓடியது. ஊரில் மற்றவர்களென்றால் தலைமுழுகுவார்கள், அதோடு விட்டுவிடுவார்கள். எனக்கு அது பத்தவில்லை. காலேஜ் அடையாள அட்டையிலிருந்த போட்டோவைக் கொடுத்து கண்ணீர் அஞ்சலி பேனர் அடிக்கச் சொன்னேன். தோற்றம் என்று பிறந்த தேதி, மறைவு என்று அவள் ஓடிப்போன தேதி. பஸ் ஸ்டாப்பில் கட்டினேன். மூன்றாம் நாள் காரியம் செய்து ஊருக்குச் சோறு போட்டேன். நாலு பேர், "இது ஆம்பளைக்கு அழகு" என்று முதுகில் தட்டிக் கொடுத்தார்கள். அந்த நாலு பேரில் ஒருவர்கூட இப்போது என் வாசலுக்கு வருவதில்லை.

அதிலும் ஆத்திரம் அடங்கவில்லை. அப்போதிருந்த வி.ஏ.ஓ.விடம் போய், மகள் வீட்டிலேயே வயிற்று வலியில் இறந்துவிட்டாள், பதிந்துகொள்ளுங்கள் என்றேன். வீட்டுத் தலைவன் சொன்னால் போதும் என்கிற காலம், அவரும் அசலூர்க்காரர், என் சொல்லை நம்பினார். சாட்சிக்கு ஒரு ஆள் வேண்டும் என்றார். உன்னை ஸ்கூட்டரில் கூட்டிப்போனேன். உனக்குப் பத்தொன்பது வயது. ஆபீஸ் வாசலில் இறங்கியதும், "அப்பா, அக்கா நாமக்கல்லுல உசுரோட இருக்குதுங்க. நேத்து எனக்குப் போன் பண்ணுச்சுங்க" என்றாய். அறைந்தேன். கன்னத்தில் என் விரல் பதிந்திருக்க, நீ உள்ளே போய்க் கையெழுத்துப் போட்டாய். புதன்கிழமை இதை அப்படியே சொல்லப்போகிறேன். பையன் மறுத்தான், நான் அடித்துப் போட வைத்தேன் என்று சொல்வேன். வக்கீலிடம் கேட்டுவிட்டேன், வழக்கு வந்தாலும் வரலாம் என்கிறார். வரட்டும். அது முழுக்க என் தலையில் விழட்டும். உன் மேல் ஒரு தூசு விழ விடமாட்டேன்.

நீ ஏழாவது படித்தபோது கணக்கில் பதினெட்டு மார்க் வாங்கிய ரேங்க் கார்டு ஞாபகம் இருக்கிறதா? என்னிடம் காட்டாமலே கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டாய். வாத்தியார் சந்தேகப்பட்டு என்னைக் கூப்பிட்டு விட்டார். பார்த்தால் என் கையெழுத்தேதான், கடைசியில் நான் போடும் சுழிகூட அப்படியே இருந்தது. வீட்டுக்கு வந்து உன்னைப் பிடித்தேன். உன் அக்கா குறுக்கே வந்து நின்றாள். "நாந்தானுங்கப்பா போட்டேன். தம்பிய அடிப்பீங்கன்னுதானுங்க" என்றாள். அந்த அடி அவளுக்கு விழுந்தது. நீ தீவன மூட்டைக்குப் பின்னால் நின்று அழுதுகொண்டிருந்தாய். இப்போது தனியாக உட்கார்ந்து இதையெல்லாம் நினைத்துப் பார்க்கிறேன். உன்னைக் காப்பாற்றுவதற்காக அவள் ஒரு பொய்க் கையெழுத்துப் போட்டாள். அவளைச் சாகடிப்பதற்காக உன்னை ஒரு பொய்க் கையெழுத்துப் போட வைத்தேன் நான். தகப்பன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமாக இருக்கிறது சாமி.

உன் அம்மா விஷயத்திலும் அதையேதான் செய்தேன். கடைசி வாரத்தில் ஆஸ்பத்திரியில், "ஒருக்கா புள்ளையக் கண்ணுல காட்டுங்க" என்று கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். "செத்துப்போனவள எங்கிருந்து கொண்டார்றது?" என்றேன். அவள் அதற்குப் பிறகு என்னிடம் எதுவுமே கேட்கவில்லை. சாவுக்கு சுகந்தி வந்தாள். மித்ரா அப்போது பிறக்கவில்லை, தர்சினியைக் கையில் பிடித்துக்கொண்டு பால் சொசைட்டி முக்கில் நின்றாள். திருப்பி அனுப்பச் சொல்லி உன்னை அனுப்பினேன். நீ போய்விட்டுத் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தாய். அங்கே என்ன நடந்தது என்று நான் கேட்கவில்லை. போன மாதம் தர்சினி ஏதோ பேச்சில் சொல்கிறாள், "மாமாவ எனக்குத் தெரியுமுங்க. பால் சொசைட்டிகிட்ட எனக்குப் பிஸ்கட்டு வாங்கிக் குடுத்தாருங்க. அம்மா அழுதுச்சு, மாமாவும் அழுதாருங்க." ஆறு வருஷம் கழித்து எனக்குத் தெரிகிறது. அன்றைக்கே நீ என்னை எதிர்த்து அவளை உள்ளே கூட்டி வந்திருந்தால் நான் உன்னை வெட்டியிருப்பேன், இல்லையென்றால் திருந்தியிருப்பேன். எது என்று எனக்கே தெரியவில்லை.

அம்மா காரியம் முடிந்ததும் வாரிசுச் சான்று வாங்கினோம். கணவன் ஒருவன், மகன் ஒருவன். மகள் இறந்துவிட்டாள் என்பதற்குத்தான் சான்றிதழ் கையிலேயே இருந்ததே. உன் அம்மா பேரிலிருந்த நிலம் அப்படித்தான் உன் பேருக்கு வந்தது. அந்தப் பத்திரத்தை வைத்துத்தான் ரிக் லோன் வாங்கினாய். உன் பயம் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது என்று நினைக்காதே. முதல் சான்றிதழ் பொய்யென்றால் வாரிசுச் சான்றும் பொய், அம்மா நிலத்தில் சுகந்திக்கு ஒரு பங்கு, அது இந்தப் பிள்ளைகளுக்கு. ஆமாம், அது உண்மைதான். உன்னை வரவழைக்க வேண்டும் என்பதற்காக அதை மூடி மறைக்கமாட்டேன். உன் மாமனார் வீட்டில் ஒற்றைப் பிள்ளை என்று சொல்லித்தான் பெண் எடுத்தோம். அங்கேயும் பேச்சு வரும். வந்தால் என்னைக் கை காட்டு. ரிக் எத்தனையோ ஊரில் எத்தனையோ குழி போடுகிறது, தண்ணீர் வராத குழிக்கும் நீ பணம் கட்டியிருக்கிறாய். உன் அக்காவின் பங்கைக் கொடுத்தால் நீ ஓட்டாண்டியாகிவிடமாட்டாய். பங்கைப் பிரிக்க இன்னும் காலமிருக்கிறது, பேசிக்கொள்ளலாம். பிள்ளைகளைப் பிரித்துவிட்டால் அப்புறம் பேச என்ன இருக்கிறது?

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். சொல்லக் கை வரவில்லை. மாசியில் ஒரு நாள் தூறல் போட்டது. விறகை மூடுவதற்கு ஏதாவது கிடைக்குமா என்று தர்சினி காலி ஷெட்டுக்குள் போனாள். தீவனச் சாக்குகளுக்கு அடியில் ஒரு ஃப்ளெக்ஸ் குப்புறக் கிடந்தது. இழுத்து வந்து வாசலில் விரித்தாள். அந்தப் பேனர். ஈரம் படாமல் கிடந்ததால் கலர்கூட மங்கவில்லை. கண்ணீர் அஞ்சலி என்று எழுத்து, நடுவில் என் மகள் சிரித்துக்கொண்டிருக்கிறாள். மித்ராவுக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது. "அம்மா போட்டோ! எவ்ளோ பெருசு!" என்று ஓடிப்போய் அதன் மேல் உட்கார்ந்து, கன்னத்தைத் தடவ ஆரம்பித்துவிட்டது. பெரியவள் நின்று படித்தாள். இரண்டு தடவை படித்தாள். "அப்பிச்சி, அம்மா போன ஆடியிலதானுங்க செத்துச்சு. இதுல நானு பொறக்கறதுக்கு முன்னாடியே செத்துட்டதாப் போட்டிருக்குதுங்க. யாருங்க இத அடிச்சது?"

பொய் சொல்லியிருக்கலாம். ஆயுசு முழுக்கச் சொன்னவனுக்கு இன்னொன்று கஷ்டமா? "நாந்தான் சாமி" என்றேன். அவள் அழவில்லை. உள்ளே போய்க் கத்தரிக்கோலை எடுத்து வந்தாள். எழுத்தையும் தேதியையும் வெட்டி எறிந்துவிட்டு, அம்மா முகத்தை மட்டும் எடுத்து, அவர்கள் படுக்கும் பக்கத்துச் சுவரில் நாலு ஆணி அடித்து மாட்டினாள். இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை. தட்டில் சோற்றைப் போட்டுக் கொண்டுவந்து முன்னால் வைப்பாள், போய்விடுவாள். மூன்றாம் நாள் வந்து, "எங்கள உட்டுருவீங்களாங்க?" என்று மட்டும் கேட்டாள். பூபதி, உன்னைப் பெற்றவன் எழுபது வயதில் ஒரு பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் காலில் விழப் போனான். அவள் பயந்து பின்னால் நகர்ந்துவிட்டாள்.

போன வெள்ளிக்கிழமை அவள் பெரியவளாகிவிட்டாள். எனக்கு என்ன செய்வதென்று தெரியாமல் பக்கத்துத் தோட்டத்துச் சரசாவைக் கூப்பிட்டேன். அந்தம்மா வந்து தண்ணீர் ஊற்றி, ஓரமாக உட்கார வைத்துவிட்டு, "பச்ச ஓலைக் குச்சு மாமன்தானுங்க கட்டோணும். சீரும் மாமன் கொண்டாரோணும். மாமன் எப்ப வாராருங்க?" என்று கேட்டது. "ரிக்குல இருக்கறான். வாரேன்னு சொல்லியிருக்கறான்" என்று சொன்னேன். நீ சொல்லவில்லை. அந்தப் பிள்ளை கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது, அதற்காகச் சொன்னேன். தாய்மாமன் சீர் என்றால் நம் பக்கத்தில் வண்டி கட்டிக்கொண்டு தட்டு தட்டாய்க் கொண்டு வருவார்கள். அதெல்லாம் வேண்டாம். பட்டும் வேண்டாம், பவுனும் வேண்டாம். ஒரு கையெழுத்தைக் கொண்டு வா.

அரசாங்கம் தரும் அந்தப் பணம் பெரிய பணம் இல்லை, உன் ரிக் ஒரு நாளைக்குக் குடிக்கும் டீசலுக்கு ஆகாது. ஆனால் நான் கண்ணை மூடிய பின்னாலும் அவர்கள் கணக்கில் மாதாமாதம் வந்து விழும். நோட்டுப் புத்தகத்துக்கும் செருப்புக்கும் உன் வீட்டு வாசலில் வந்து நிற்கமாட்டார்கள், உன் பெண்டாட்டி முகத்தைப் பார்க்கமாட்டார்கள். அதைவிட, அந்தப் பணத்துக்காகப் போடும் காகிதத்தில் இவர்கள் இன்னாருடைய பேத்திகள், இன்னாருடைய மகள்கள் என்று எழுதுவார்கள். ஓர் ஆத்மாவை இல்லையென்று எழுதி வாங்க எனக்கு அரை மணி நேரம்தான் ஆனது. இருந்தது என்று எழுதி வாங்க நாலு மாதமாக அலைகிறேன். உனக்கும் ஒரு பெண் இருக்கிறாள். அவள் நாளைக்கு உனக்குப் பிடிக்காததைச் செய்வாள், கட்டாயம் செய்வாள். கோபம் வந்தால் கத்து, தட்டைத் தூக்கி எறி, ஒரு மாதம் பேசாமல் இரு. பேனாவை மட்டும் தொடாதே. கோபம் ஆறிப்போய்விடும், எழுத்து அங்கேயே கிடக்கும். என்னிடமிருந்து நீ கற்றுக்கொள்ள வேறு எதுவும் இல்லை.

புதன்கிழமை நான் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு எட்டு மணி பஸ்சுக்கே போய்விடுவேன். நீ வந்தாலும் போவேன், வராவிட்டாலும் போவேன். ஆபீசர் முதலில் கேட்பது, உங்களுக்கு எத்தனை பிள்ளைகள் என்பதாகத்தான் இருக்கும் என்று வக்கீல் சொன்னார். இந்தக் கேள்விக்குப் பதின்மூன்று வருஷமாக ஒன்று என்றே சொல்லி வந்திருக்கிறேன். இந்தத் தடவை இரண்டு என்று சொல்வேன். மகள் போன ஆடியில் இறந்துவிட்டாள் என்று சொல்வேன். மகன் எங்கே என்று கேட்பார்கள். வந்துகொண்டிருக்கிறான் என்று சொல்வேன். சொல்லிவிட்டு வாசலையே பார்த்துக்கொண்டு நிற்பேன். ஆபீசில் போய் நான் சொன்ன பொய் போதும் சாமி. இதையும் பொய்யாக்கிவிடாதே.

உன்
அப்பன்